ஒன்பது ஆண்டு மருந்துக்குப் பிறகும் எச்.ஐ.வி. எங்கே இருக்கிறது? நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் அது நுழையும் விதம்

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் ஒன்பது ஆண்டுகளாக ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து) மாத்திரை உட்கொண்டு வருகிறார். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. கடைசியாக வந்த மூன்று அறிக்கைகளிலும் இரத்தத்தில் வைரஸ் கண்டறியப்படவில்லை என்றே இருக்கிறது. சென்ற மாதம் அவருக்குத் தெரிந்த ஒருவர், வைரஸ் இல்லை என்று அறிக்கையே சொன்ன பிறகு மாத்திரை எதற்கு, இதை மட்டும் சாப்பிட்டால் போதும் என்று சொல்லி ஒரு டப்பா சூரணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணன் இதுவரை மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் அவர் மனம் ஆடிப்போயிருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது.

அவர் மின்பணியாளர். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். "நிறுத்தினால் திரும்பி வரும்" என்று எல்லோரும் சொல்கிறார்களே தவிர, எங்கிருந்து வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய குறை. இரத்தத்தில் இல்லாத ஒன்று வேறு எங்கே இருக்க முடியும்? அறிந்தவர்கள் விளக்கினால், அதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

நுண்ணோக்கி (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

நான் மூலக்கூறு உயிரியல் படித்தவன், மருத்துவன் அல்லன். ஆகவே மருந்து பற்றிய முடிவு அண்ணனுடைய மருத்துவரிடமே இருக்கட்டும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. அந்த விடை "நம் டி.என்.ஏ.வுக்குள்" என்பதே. அது எப்படி அங்கே போய்ச் சேர்கிறது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் இது வெறும் பேச்சாகத் தோன்றாது.

எச்.ஐ.வி. துகளுக்குள் இருக்கும் மரபுப்பொருள் டி.என்.ஏ. அன்று, ஆர்.என்.ஏ. ஒரே செய்தி இரண்டு படிகளாக இருக்கும்; ஒவ்வொரு படியும் ஒன்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட எழுத்து நீளமுடையது (எழுத்து என்பது டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதி அலகு). மனிதனின் மரபுத்தொகுதியில் 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் உள்ளன என்பதோடு ஒப்பிட்டால் இது ஒரு துண்டுச் சீட்டு. துகளின் மேற்பரப்பிலுள்ள ஜி.பி.120 என்ற புரதம், நோயெதிர்ப்புப் படையை ஒருங்கிணைக்கும் டி செல்களின் மேலிருக்கும் சி.டி.4 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அது மட்டும் போதாது. பக்கத்திலேயே சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற இன்னொரு கைப்பிடியும் கிடைக்க வேண்டும். இரண்டும் கிடைத்த பிறகு ஜி.பி.41 என்ற புரதம் வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒன்றாக்கிவிடுகிறது.

உள்ளே வந்து விழுவது ஒரு கூம்பு. சில்வர் பீச்சில் சுண்டல் மடித்துத் தருவார்களே, அந்தக் காகிதக் கூம்பின் வாயை மூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே புரதத்தின் ஏறத்தாழ 1,500 படிகள் அறுகோணங்களாகச் சேர்ந்து இந்தச் சுவரைக் கட்டுகின்றன. வெறும் அறுகோணங்களால் கட்டினால் சுவர் வளைந்து மூடாது என்பதால், சரியாக 12 ஐங்கோணங்கள் இடையே வைக்கப்படுகின்றன: அகன்ற பக்கத்தில் 7, குறுகிய பக்கத்தில் 5. இதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நீண்ட நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கூம்புக்குள் ஆர்.என்.ஏ.வும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டெக்ரேஸ் என்ற இரண்டு நொதிகளும் இருக்கின்றன. முதல் நொதி ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது. எழுதத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். அதற்கு நம் செல்லுக்குச் சொந்தமான, லைசின் அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ. ஒன்றையே இந்த வைரஸ் முன்கூட்டியே தன் துகளுக்குள் எடுத்து வைத்திருக்கிறது. எழுதி முடித்த பகுதியின் மூல ஆர்.என்.ஏ.வை அதே நொதியின் இன்னொரு பகுதி துண்டு துண்டாக்கிவிடும். பிறகு இரண்டாவது இழையும் எழுதப்படும். முடிவில் கிடைக்கும் ஈரிழை டி.என்.ஏ.வின் இரு முனைகளிலும் 634 எழுத்துள்ள ஒரே வாசகம் இருக்கும். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுதப்பட முடியும் என்பதையே 1970 வரை பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவ்வாண்டு ஹோவார்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே இந்த நொதியைக் கண்டறிந்தார்கள்; 1975-ல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

செருகும் கட்டத்தை இரவு எழுதுகிறேன். அது அண்ணனுக்கு நன்றாகவே புரியும் என்று நினைக்கிறேன்.

செம்மண்டலம் ஆசிரியர் (கடலூர்)

ஐயா, மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். கூம்பு செல்லுக்குள் நுழைந்தவுடனேயே கரைந்துவிடும், டி.என்.ஏ. மட்டும் உட்கருவுக்குப் போகும் என்றுதான் நாங்கள் கரும்பலகையில் படம் வரைகிறோம். அது தவறா?

நுண்ணோக்கி

நீங்கள் வரைவது நெடுங்காலம் எல்லோரும் வரைந்த படமே, ஐயா. உட்கருச் சவ்விலுள்ள துளை அந்தக் கூம்புக்குப் போதாது என்று கருதியதால் அப்படி வரைந்தார்கள். கூம்பு குலையாமலேயே அந்தத் துளையைக் கடப்பதை 2021-ல் வெளியான எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படிமங்கள் காட்டிவிட்டன. டி.என்.ஏ. எழுதும் வேலை உட்கருவுக்குள் போன பிறகுதான் முடிகிறது என்பதும், கூம்பு உடைவது செருகும் இடத்துக்கு மிக அருகில்தான் என்பதும் இப்போதைய புரிதல். படத்தில் கூம்பை உட்கருவுக்குள்ளேயே வரைந்துவிடுங்கள்.

பண்ருட்டிப் பலா (பண்ருட்டி)

எனக்கு உயிரியல் தெரியாது, மரம் தெரியும். நுண்ணோக்கி சொல்லப்போவது ஒட்டுக்கட்டுவது போன்றதுதானே? அடிச்செடியைப் பிளந்து, வேண்டிய இரகத்தின் ஒட்டுக்குச்சியைச் சீவிச் செருகிக் கட்டிவிட்டால், அதே வேரிலிருந்து சாறு குடித்து வேறு இரகம் காய்க்கிறது. வைரஸும் அப்படித்தான் நம் உடம்பில் ஒட்டிக்கொண்டு தன் காயைக் காய்க்கிறது என்று சொன்னால் கெடிலக்கரையின் அண்ணனுக்குப் புரியாதா?

நுண்ணோக்கி

பண்ருட்டி அண்ணா, நீங்கள் சொன்ன உவமையில் பாதி மிகச் சரி: நம் சாறு, அதன் காய். ஆனால் ஒட்டு மரத்தில் அடிச்செடியின் செல் வேறு, ஒட்டுக்குச்சியின் செல் வேறு. ஒட்டுப் போட்ட தழும்பு கண்ணுக்குத் தெரியும். குச்சி பிடிக்கவில்லை என்றால் தழும்புக்குக் கீழே வெட்டிவிட்டு அடிமரத்தைத் தழையவிடலாம். எச்.ஐ.வி. விட்டுவைக்கும் இணைப்பில் தழும்பே கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தில் மருத்துவம் இவ்வளவு காலம் திணறுகிறது.

கெடிலக்கரையின் அண்ணன் இரண்டு ஒயர்களை இணைக்கும்போது என்ன செய்வார்? முனையிலுள்ள இன்சுலேஷனைக் கொஞ்சம் சீவி, செம்பை வெளியே காட்டுவார். இன்டெக்ரேஸ் செய்யும் முதல் வேலையும் அதுதான். வைரஸ் டி.என்.ஏ.வின் இரு முனைகளையும் இந்த நொதியின் பல படிகள் சேர்ந்து பற்றிக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் ஓர் இழையின் கடைசி இரண்டு எழுத்துகளை மட்டும் நறுக்கி எறிகின்றன. அவை ஜி, டி என்ற எழுத்துகள். அவற்றுக்கு முன்னிருந்த சி, ஏ என்ற எழுத்துகள் இப்போது முனைக்கு வந்துவிட்டன. அந்த ஏ எழுத்தின் ஓரத்தில் ஓர் ஆக்சிஜனும் ஓர் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தொகுதி வெளிப்பட்டு நிற்கும். சீவிய செம்பு அதுதான்.

அடுத்து, வெளிப்பட்ட இரு முனைகளும் நம் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் தாக்குகின்றன. ஓர் இழையில் தாக்கும் இடத்துக்கும் மற்றோர் இழையில் தாக்கும் இடத்துக்கும் இடையே ஐந்து எழுத்துத் தொலைவு இருக்கும். நம் இழை அறுவதும் வைரஸின் முனை அங்கே ஒட்டுவதும் ஒரே வேதிவினையில் நடந்துவிடும். தனியே வெட்டி, பிறகு தனியே ஒட்டுவது என்பதில்லை. இந்த வேலையைச் செய்ய நொதியின் நடுவே இரண்டு மெக்னீசிய அயனிகள் தேவை. 64, 116, 152 ஆகிய இடங்களிலுள்ள மூன்று அமினோ அமிலங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த மெக்னீசியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது வைரஸ் டி.என்.ஏ. நம் குரோமோசோமில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் ஐந்தைந்து எழுத்து இடைவெளி, துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்து முனை. இதைச் சரிசெய்ய வைரஸிடம் எந்தக் கருவியும் இல்லை. நம் செல்லோ தன் டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு, தன் வழக்கமான பழுதுபார்க்கும் நொதிகளை அனுப்புகிறது. அவை துருத்திய எழுத்துகளை நறுக்கி, இடைவெளியை நிரப்பி, கடைசித் தையலையும் போட்டுவிடுகின்றன. அதாவது கதவைச் சாத்திப் பூட்டுவது நம் செல்லே. அதற்குப் பிறகு அந்த டி.என்.ஏ. வேதியியல்படி நம் டி.என்.ஏ.தான். செல் இரண்டாகப் பிரிந்தால் இதுவும் படியெடுக்கப்பட்டு இரண்டு செல்களுக்கும் போகும். இதைத்தான் புரோவைரஸ் என்கிறார்கள்.

எந்த இடத்தில் செருகுகிறது என்பதும் கண்மூடித்தனமானதன்று. நம் செல்லில் எல்.இ.டி.ஜி.எஃப். என்று ஒரு புரதம் உண்டு. சுறுசுறுப்பாகப் படிக்கப்படும் மரபணுக்களின் மேல் உட்கார்ந்திருப்பது அதன் இயல்பு. இன்டெக்ரேஸ் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறது. ஓயாமல் படிக்கப்படும் பக்கத்தில் தன் வரிகளை எழுதிவிட்டால், அவையும் சேர்த்துப் படிக்கப்படும் அல்லவா?

கெடிலக்கரை

ஐயா, இந்தப் பதிவை அண்ணனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒயர் உவமை வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்கச் சொன்னது இது: படிக்கப்படும் இடத்தில்தான் எழுதுகிறது என்றால் அது எப்போதும் வைரஸைச் செய்துகொண்டே அல்லவா இருக்க வேண்டும்? பரிசோதனையில் ஏன் அகப்படவில்லை?

நுண்ணோக்கி

மிக நல்ல கேள்வி. தொற்றிய செல்களில் பெரும்பாலானவை அப்படி வைரஸைச் செய்து சில நாட்களில் மடிந்துவிடுகின்றன. ஆனால் ஒரு சிறு பங்கு செல்கள், தொற்றியபின் சாகாமல், நினைவுச் செல்களாக ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. ஒரு கிருமியை ஒருமுறை சந்தித்த டி செல், பல ஆண்டுகள் கழித்து அதே கிருமி வந்தால் அடையாளம் காண்பதற்காக உறங்கிக் காத்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓய்வில் அந்தச் செல் தன் மரபணுக்களில் பலவற்றைப் படிப்பதை நிறுத்திவிடும், புரோவைரஸும் அத்துடன் அடங்கிவிடும். வைரஸ் புரதம் ஒன்றும் உருவாகாததால் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அதை அடையாளம் காட்ட எதுவும் இல்லை. இரத்தத்தில் துகள் இல்லாததால் துகளை எண்ணும் பரிசோதனைக்கும் அகப்படாது. அறிக்கை பொய் சொல்லவில்லை. இரத்தத்தில் ஓடும் துகளைத்தான் அது எண்ணுகிறது, உறங்கும் எழுத்தை எண்ணவில்லை.

இப்போது அண்ணனுடைய மாத்திரைக்கு வருகிறேன். நம் நாட்டுத் திட்டத்தில் இன்று பெரும்பாலோருக்குத் தரப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகள் உள்ளன. முதல் இரண்டும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை எழுதவிடாமல் தடுப்பவை. டோலுடெக்ராவிர், இன்டெக்ரேஸின் நடுவிலிருக்கும் அந்த இரண்டு மெக்னீசியத்தையும் கவ்விப் பிடித்து, முனை ஒட்டுவதைத் தடுப்பது. மூன்றுமே புதிய செல்லுக்குள் புதிய வைரஸ் பதிவதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே பதிந்ததைத் தொடும் மருந்து அந்த மாத்திரையில் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே நிறுத்தினால் என்ன ஆகும்? உறங்கும் செல்களில் ஏதாவது ஒன்று தினமும் எங்காவது விழித்துக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது அது வெளியிடும் துகள் அடுத்த செல்லில் போய் நிற்கிறது, பதிய முடிவதில்லை. மாத்திரை இல்லாத நாளில் அது பதிந்துவிடும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் பழையபடி இரத்தத்தில் தென்படுகிறது.

மருந்து சாப்பிட்டுக் காத்திருந்தால் உறங்கும் அந்தச் செல்கள் தாமே தீர்ந்துபோகாதா என்று கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சேமிப்பு பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகின்றன. பத்து இலட்சம் செல்கள் இருந்தால் ஒன்றாகக் குறைவதற்கு இருபது முறை பாதியாக வேண்டும். 880 மாதங்கள், அதாவது 73 ஆண்டுகள். அதோடு, புரோவைரஸைச் சுமக்கும் நினைவுச் செல் தன் இயல்பான வேலையாகப் பெருகும்போது, வைரஸ் ஒரு புதிய செல்லைக்கூடத் தொற்றாமலேயே அதன் படிகள் கூடிவிடுகின்றன. மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

வில்லியனூர் வாசகன் (புதுச்சேரி)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உள்ளே எழுத்தாகவே இருக்கிறது என்கிறீர்கள். வைரஸ் கண்டறியப்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குப் பரவாது என்றும் பிரசாரம் செய்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அதோடு, டி.என்.ஏ.விலேயே சேர்ந்துவிட்டது என்றால் பரம்பரையாகப் பிள்ளைகளுக்கும் போகுமே?

செம்மண்டலம் ஆசிரியர்

இரண்டாவது கேள்வி எங்கள் வகுப்பிலும் வருவது, நானே சொல்கிறேன். பரம்பரையாகப் போக வேண்டுமானால் சினை முட்டையின் அல்லது விந்துவின் டி.என்.ஏ.வில் அது இருக்க வேண்டும். எச்.ஐ.வி. பதிவது சி.டி.4 உள்ள நோயெதிர்ப்புச் செல்களில். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் வைரஸ் போவதால்தான், மரபுவழியால் அன்று. அதனால்தான் தாய்க்கு மருந்து கொடுத்து அதைத் தடுக்க முடிகிறது. ஆனால் வேறு பழைய ரெட்ரோவைரஸ்கள் (எச்.ஐ.வி.யைப் போலவே ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக எழுதிச் செருகும் வைரஸ்கள்) நம் முன்னோரின் இனச்செல்களில் பதிந்து பரம்பரையாக வந்திருக்கின்றன. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 8 விழுக்காடு அவற்றின் எச்சம். மாணவர்கள் இதைக் கேட்டதும் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

முதுநகர் அலை (கடலூர் முதுநகர்)

நான் பல ஆண்டுகள் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகராகப் பணியாற்றியவள். முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். உடலுறவில் பரவுவது துகள், எழுத்தன்று. இரத்தத்திலும் உடல் திரவங்களிலும் துகள் இல்லாத நிலை நீடிக்கும்வரை துணைவருக்கு அது போவதில்லை. இது வெறும் பிரசாரம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத இணையரைப் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து கண்டறிந்தது இது. அப்படி ஓர் ஆய்வில், மருந்தை உடனே தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது என்று 2011-ல் வெளிவந்தது. நம் சென்னையும் புனேவும் அதில் பங்கேற்றன. எத்தனையோ தம்பதியர் இந்த ஒரு செய்தியைக் கேட்டு என் முன்னால் அழுதிருக்கிறார்கள்.

கெடிலக்கரைத் தம்பிக்கு: விட்டுவிட்டு மருந்து சாப்பிட்டால் போதுமா என்பதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். ஸ்மார்ட் என்ற ஆய்வில் 5,472 பேர் பங்கேற்றார்கள். இடையிடையே நிறுத்தியவர்களிடையே நோயும் மரணமும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததால் 2006-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அண்ணனுக்கு ஹெப்படைடிஸ் பி இருக்கிறதா என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கி வைப்பவை, திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

நுண்ணோக்கி ஐயா மெக்னீசியத்தை நினைவில் வைக்கச் சொன்னார். டோலுடெக்ராவிருக்கு உலோக அயனியைக் கவ்வும் குணம் இருக்கிறது அல்லவா? வயிற்றெரிச்சலுக்கு நாம் குடிக்கும் மருந்தில் மெக்னீசியமும் அலுமினியமும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் டோலுடெக்ராவிர் வயிற்றிலேயே அந்த உலோகத்தைக் கவ்விக்கொண்டு, இரத்தத்துக்குப் போகாமல் வெளியேறிவிடும். வயிற்றெரிச்சல் மருந்து குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்னதாகவோ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் ஏ.ஆர்.டி. மாத்திரையைச் சாப்பிட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான்; அவற்றை உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் மட்டும் ஒன்றாகச் சாப்பிடலாம். அந்தச் சூரணத்தில் என்ன இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா? சித்த மருத்துவப் பற்பமோ செந்தூரமோ கலந்திருந்தால் அதிலும் உலோகம் இருக்கும். டப்பாவை அப்படியே ஏ.ஆர்.டி. மையத்துக்கு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். யாரும் அவரைத் திட்டமாட்டார்கள்.

பண்ருட்டிப் பலா

தழும்பு இல்லை என்று சொன்னதை இரவு முழுவதும் யோசித்தேன். வெட்டி எடுக்க வழியே கிடையாதா, தம்பி?

நுண்ணோக்கி

முயன்றுகொண்டிருக்கிறார்கள், அண்ணா. டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் கருவியால் புரோவைரஸை நறுக்கி எடுக்கும் முயற்சி மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்துவிட்டது. ஆனால் உறங்கும் ஒவ்வொரு செல்லையும் அந்தக் கருவி சென்றடைய வேண்டுமே. ஒன்றை விட்டாலும் அது போதும். இதுவரை முழுமையாகக் குணமானவர்களாகக் கருதப்படும் மிகச் சிலரில் முதல்வர் டிமோதி ரே பிரவுன். அவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததால், சி.சி.ஆர்.5 கைப்பிடி இல்லாத ஒரு கொடையாளியின் மூலச்செல்களை 2007-லும் 2008-லும் செலுத்தினார்கள். அவருடைய பழைய நோயெதிர்ப்புச் செல்களை ஏறக்குறைய முழுவதுமாக அகற்றிவிட்டு, வைரஸ் பற்றிக்கொள்ள முடியாத புதியவற்றை அங்கே வைத்தார்கள். நீங்கள் சொன்னதைப் போல அடிமரத்தையே மாற்றியது அது. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை என்பதால் புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு யாரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2020-ல் அவர் இறந்தது அந்தப் புற்றுநோயால்தான்; எச்.ஐ.வி. திரும்பி வரவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அரிய சிலரின் செல்களை ஆராய்ந்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களிடம் மிஞ்சியிருந்த புரோவைரஸ்கள் பெரும்பாலும் யாரும் படிக்காத, மரபணுக்கள் அரிதான பகுதிகளில் இருந்தன. எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதே ஒருவரின் நலத்தைத் தீர்மானிக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சிய புரோவைரஸ்களை நிரந்தரமாக விழிக்காமல் பூட்டிவைக்க முடியுமா என்று ஒரு சாரார் இன்று முயல்வதும் அதனால்தான்.

கெடிலக்கரை

அனைவருக்கும் என் நன்றி. நேற்று அண்ணனும் நானும் மையத்துக்குப் போய் வந்தோம். டப்பாவில் சேர்மானங்கள் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மருத்துவர் அதை வாங்கிப் பார்த்து, சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதுநகர் அக்கா சொன்னது இன்னொரு வகையிலும் எங்களுக்கு உதவியது: அண்ணன் வயிற்றெரிச்சல் மருந்தை இரவில் மாத்திரையோடு சேர்த்தே குடித்துக்கொண்டிருந்திருக்கிறார், எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இனி மாத்திரை இரவு ஒன்பதுக்கு, அந்த மருந்து தேவைப்பட்டால் மறுநாள் காலையில் என்று நேரம் குறித்துச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

கடைசியாக அவர் ஒன்று கேட்கச் சொன்னார். ஐந்து எழுத்து இடைவெளியை நம் செல் நிரப்புகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிரப்பப்பட்ட அந்த எழுத்துகள் யாருடையவை, வைரஸுடையவையா, தன்னுடையவையா என்று கேட்கிறார்.

நுண்ணோக்கி

அவருடையவை. அந்த இடத்தில் முன்பு ஒருமுறை இருந்த அவருடைய ஐந்து எழுத்துகளே இப்போது வைரஸின் இரு பக்கமும் ஒவ்வொரு முறையாக, மொத்தம் இரண்டு முறை இருக்கும். புரோவைரஸ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாங்கள் ஆய்வகத்தில் தேடும்போது, இரு பக்கமும் ஒரே ஐந்தெழுத்து இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம்.